பழைய லேத் ஸ்பிண்டில்: அளந்து பார்த்த பிறகே கழற்றுங்கள்

கிண்டித் தொழிற்பேட்டை 1958லும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964லும் தொடங்கியவை. அந்த ஷெட்டுகளில் ஓடிய லேத்துகள் இன்றும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. வாங்கியவுடன், சக்கைச் சுற்றவைக்கும் தண்டான ஸ்பிண்டிலைப் பற்றி எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "பேரிங் மாத்தணுமா?" சத்தத்தைக் கேட்டு மட்டும் இதற்குப் பதில் சொல்லக்கூடாது. நல்ல பேரிங்கைச் சுத்தியலால் அடித்துக் கழற்றிவிட்டு, அதைவிட மட்டமான ஒன்றை மாட்டுவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு. எனவே கழற்றுவதற்கு முந்தைய சோதனைகளைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

கியர் ஹெட் லேத்துகளில் பெரும்பாலும் முன்னும் பின்னும் டேப்பர் ரோலர் பேரிங் இருக்கும். கட்டுரை முக்கியமாக அவற்றைப் பற்றியது. பழைய பெல்ட் லேத்துகளில் வரும் கன்மெட்டல் புஷ் (ரோலர் இல்லாத வெண்கல உருளை) தனி ரகம், அதைப் பின்னால் பார்க்கலாம்.

ஸ்பிண்டில்தான் குற்றவாளியா?

பார்ட்டிங் டூல் இறங்கும்போது ஜாப் கத்துகிறது, ஃபினிஷில் வரிவரியாக விழுகிறது என்றால் உடனே ஹெட்டை, அதாவது ஸ்பிண்டில் இருக்கும் ஹெட்ஸ்டாக்கை, திறக்காதீர்கள். டூல் அதிகமாக வெளியே நீட்டியிருக்கிறதா, அதன் வெட்டும் முனை சென்டர் உயரத்தில் இருக்கிறதா, கிராஸ் ஸ்லைடின் கிப் (ஆட்டத்தைப் பிடிக்கும் பட்டை) தளர்ந்திருக்கிறதா, வி-பெல்ட் வெடித்து முடிச்சு முடிச்சாக ஓடுகிறதா, நான்கு காலும் தரையில் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இதெல்லாம் ஒரு மணி நேர வேலை. ஸ்பிண்டிலைக் கழற்றி மாட்ட மூன்று நாளாவது ஆகும்.

இவை சரியாக இருந்தால் லேத்தை நடுத்தர வேகத்தில் அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். பிறகு மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெட் மேல் பலகை போட்டுச் சக்கை இறக்குங்கள். ஸ்பிண்டில் மூக்கை, அதாவது சக் மாட்டும் முன்முனையை, துடைத்து விரலால் தடவினால் சக் மோதிய பொருக்கு தட்டுப்படும். அதை மென்மையான எண்ணெய்க்கல்லால் மட்டும் தேய்த்து எடுங்கள், அரம் வேண்டாம்.

முதல் சோதனை ஆட்டம். 0.01 மி.மீ. டயலின் மேக்னட் ஸ்டாண்டை ஹெட்ஸ்டாக் வார்ப்பின் மேலேயே வையுங்கள். பெட் மேல் வைத்தால் ஹெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் அசைவும் சேர்ந்து காட்டும். டயல் முனை மூக்கின் மேல்புறம் தொடட்டும். ஸ்பிண்டில் துளைக்குள் இறுக்கமாக நுழையும் கெட்டி மரத்தடி ஒன்றைச் செருகி, அரை மீட்டர் வெளியே நீட்டிவைத்து மெல்லத் தூக்குங்கள். ஸ்பிண்டிலின் எடையைத் தாண்டும்வரை ஊசி அசையாது. தாண்டியதும் என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஊசி சட்டென்று இரண்டு மூன்று கோடு குதித்து நின்று, அதற்குமேல் பலம் கொடுத்தால் மட்டும் மெதுவாக நகர்ந்தால், குதித்த அந்த அளவுதான் ஆட்டம். குதிக்காமல், கொடுக்கிற பலத்துக்கு ஏற்ப வழுவழுவென்று ஏறி, விட்டதும் பழைய கோட்டுக்கே திரும்பினால் அது இரும்பின் வளைவு. அதில் பேரிங்குக்குச் சம்பந்தமில்லை. டேப்பர் ரோலர் சரியாக இறுகியிருந்தால் குதிப்பே இருக்கக்கூடாது.

இரண்டாவது சோதனை ஓட்டம் (ரன்-அவுட்), அதாவது சுற்றும்போது மூக்கு சரியான வட்டத்தைவிட்டு விலகும் அளவு. இதற்கு லீவர் டயல், பட்டறைப் பேச்சில் பப்பி, வேண்டும். மூக்கின் சக் உட்காரும் வட்டத்தில் முனையைத் தொடவைத்து, ஓரிடத்தில் சாக்பீஸ் கோடு போடுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, கையால் மெதுவாக ஐந்து சுற்றுச் சுற்றி, ஊசி எங்கே உச்சம் போகிறது என்று ஒவ்வொரு சுற்றிலும் குறித்துக்கொள்ளுங்கள். உச்சம் எப்போதும் அதே சாக்பீஸ் கோட்டருகே வந்தால் மூக்கு அடிபட்டிருக்கலாம், ஸ்பிண்டில் வளைந்திருக்கலாம், அல்லது பேரிங்கின் உள்வளையம் கோணலாக உட்கார்ந்திருக்கலாம். உச்சம் சுற்றுக்குச் சுற்று இடம் மாறினால் ரோலர்களில் கோளாறு, அல்லது பேரிங்குக்குள் அழுக்கு. ரோலர்களைப் பிடித்திருக்கும் கூடு ஸ்பிண்டிலைவிட மெதுவாகச் சுற்றுவதால், ரோலரின் குறை ஒவ்வொரு சுற்றிலும் வேறு இடத்தில் தலைகாட்டும்.

பொது உபயோக லேத்துக்கு மூக்கின் ஓட்டம் 0.01 மி.மீ.க்குள் இருக்கவேண்டும். உள் டேப்பரில் டெஸ்ட் பார் (துல்லியமான சோதனைக் கம்பி) செருகிப் பார்த்தால் மூக்கருகே 0.01, 300 மி.மீ. தள்ளி 0.02. நீளவாக்கில் அசைவு 0.01. இந்தக் கடைசி அளவை எடுக்க, சென்டர் துளையுள்ள பிளக் ஒன்றை டேப்பரில் செருகி, துளையில் கிரீஸ் தடவி 6 மி.மீ. ஸ்டீல் பந்து ஒன்றை ஒட்டவைத்து, தட்டை முனை டயலால் பந்தைத் தொட்டுச் சுற்றுங்கள்.

கழற்றாமலே தீரக்கூடியவை

ஹெட் ஆயிலைச் சூடாக இருக்கும்போதே வடித்து, வெள்ளைத் தட்டில் ஊற்றி, அடியில் காந்தம் வைத்துப் பாருங்கள். பசைபோல் சாம்பல் நிற மாவு ஒட்டினால் அது வயதுக்குரிய தேய்மானம், பயப்பட வேண்டாம். விரலில் குத்தும் செதில்கள் வந்தால் பேரிங்கோ கியர் பல்லோ உடைகிறது. காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுக்கம் பித்தளைக் கூட்டிலிருந்தோ புஷ்ஷிலிருந்தோ வருவது. ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கூலன்டாக இருக்கலாம், அல்லது மழைக்காலம் முழுக்க மூடிய ஷெட்டில் நின்றதாலும் இருக்கலாம்.

செதில் இல்லையென்றால் மெல்லிய ஐ.எஸ்.ஓ. 32 ஆயில் ஊற்றிக் குறைந்த வேகத்தில் கால் மணி நேரம் ஓட்டி வடியுங்கள். சிலர் மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டுவார்கள். கூடவே கூடாது. மண்ணெண்ணெய்க்கு ரோலரைத் தாங்கும் படலம் கிடையாது, ரோலர் உருளும் ஓட்டப்பாதையில் சீக்கிரமே கீறல் விழுந்துவிடும். பிறகு புது ஆயில் ஊற்றி, பின்பக்க லாக் நட்டைக் கீழே சொல்லும் முறைப்படி இறுக்கி, மறுபடி அளந்து பாருங்கள். பல லேத்துகளில் வேலை இதோடு முடிந்துவிடும்.

கழற்றுதல்

ஆட்டம் போகவில்லை, அல்லது இறுக்கினால் உறுமுகிறது என்றால் கழற்றத்தான் வேண்டும். ஒவ்வொரு படியிலும் போட்டோ எடுங்கள். லாக் நட் நிற்கும் இடத்தில் நட்டுக்கும் ஸ்பிண்டிலுக்கும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள்.

மேல் மூடி, முன் கவர், பின் கவர் மூன்றையும் எடுங்கள். பின் நட்டின் பூட்டு ஸ்குரூவைத் தளர்த்தி, சரியான சி ஸ்பேனரால் நட்டைக் கழற்றுங்கள். உளி வைத்து அடித்த நட்டில் பொருக்கு எழும்பி, அடுத்த முறை கோணலாக உட்காரும். கோணல் நட் ஸ்பிண்டிலையே மயிரிழை வளைக்கும். உள்ளே சர்க்கிளிப், சாவி, இடை வளையம் எல்லாம் எங்கெங்கே என்று கவனியுங்கள். ஸ்பிண்டில் பெரும்பாலும் சக் பக்கமாகத்தான் வெளியே வரும், ஏனென்றால் முன் பேரிங் பெரியது.

வெளியே எடுக்கச் சுத்தியல் வேண்டாம். எம்16 முழுமரைக் கம்பி ஒரு மீட்டர் வாங்கி ஸ்பிண்டில் துளை வழியே விடுங்கள். பின்முனையில் கெட்டி வாஷர் தட்டும் நட்டும். முன்னால் ஹெட் முகத்தின் இரு பக்கமும் ஒரே உயரக் கட்டைகள் வைத்து, குறுக்கே ஒரு இரும்புப் பட்டை, அதன்மேல் நட். இந்த நட்டைத் திருகத் திருக ஸ்பிண்டில் நேராக முன்னால் வரும். பின்முனையில் அடித்தால் அந்த அடி முழுக்க ரோலர் வழியாகக் கப்பில் (பேரிங்கின் வெளிவளையம்) இறங்கிப் பள்ளம் போடும். நடுத்தர லேத் ஸ்பிண்டில் 20 முதல் 30 கிலோ இருக்கும், வெளியே வரும் தருணத்தில் தாங்கிக்கொள்ள இன்னொருவர் கட்டாயம் வேண்டும். உள்ளே விழும் கியர்களையும் வளையங்களையும் வந்த வரிசையிலேயே, வந்த திசையிலேயே ஒரு பைப்பில் கோத்து வையுங்கள்.

மறுபடி பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் முன் கோனை (பேரிங்கின் உள்வளையம்) ஸ்பிண்டிலிலிருந்து பிடுங்காதீர்கள். கப்பைத் தூக்கி எறிவது முடிவாகிவிட்டால், அதன் உள் ஓட்டப்பாதையில் சுற்றி ஒரு வெல்டிங் கோடு போடுங்கள். ஆறும்போது கப் சுருங்கிக் கையோடு வந்துவிடும். எர்த் கிளாம்ப் அந்தக் கப்பிலேயே இருக்கட்டும், சுற்றிலும் ஈரத்துணி போட்டு மூடுங்கள்.

துடைத்தலும் துருவும்

கழுவ மண்ணெண்ணெய் நல்லது, பெட்ரோல் ஆபத்து. துடைக்க நூல் உதிரும் வேஸ்ட் வேண்டாம், பனியன் துணியைத் துண்டுகளாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலிழை ரோலருக்கு அடியில் போனாலும் டயலில் தெரியும். கம்ப்ரஸர் காற்றால் பேரிங்கைச் சுழலவைத்து விசில் அடிப்பது பட்டறைகளில் ஒரு கெட்ட பழக்கம். எண்ணெயில்லாமல் சுழலும் ரோலர் கீறிக்கொள்ளும், கூடு தெறித்தால் கண் போகும்.

சென்னையில் இதைவிடப் பெரிய எதிரி ஈரம். கம்ப்ரஸர் டேங்கில் தேங்கிய தண்ணீரை வடிக்காமல் ஊதினால் பேரிங்குக்குள் மழை பெய்த மாதிரிதான். வியர்த்த கையால் தொட்ட இடத்தில் மறுநாள் காலை விரல்ரேகை துருவாக நிற்கும். கழுவிய பொருளை ஊதியவுடனே மெல்லிய எண்ணெய் பூசிப் பாலிதீனில் சுற்றிவிடுங்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பூசலாம் என்று விடாதீர்கள்.

இப்போது பேரிங்கை வெளிச்சத்தில் பாருங்கள். லேசான வைக்கோல் நிறம் பரவாயில்லை. நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் வெந்தது, தூக்கிப் போடுங்கள். கப்பின் கீழ்ப்பாதியில் மட்டும், ரோலர்களுக்கு இடையிலுள்ள அதே இடைவெளியில் பழுப்புக் கோடுகள் இருந்தால் லேத் பல மாதம் சுற்றாமல் நின்றதற்கு அடையாளம். பால்பாயின்ட் பேனா முனையைக் கோட்டின் குறுக்கே இழுங்கள். தடங்கலில்லாமல் போனால் வெறும் கறை. முனை தட்டினால் பள்ளம், அந்தப் பேரிங் இனி அமைதியாக ஓடாது.

ஸ்பிண்டிலைப் பேரிங் உட்காரும் இரு இடங்களிலும் வி-பிளாக்கில் கிடத்தி மூக்கின் ஓட்டத்தை அளந்து பாருங்கள், 0.005க்குள் இருந்தால் நலம். பேரிங் இடத்தின் விட்டத்தை மூன்று இடத்தில், இரண்டு திசையில் மைக்ரோமீட்டரால் பாருங்கள். பளபளவென்று மெருகேறி, ஓரத்தில் செம்பழுப்புத் தூள் இருந்தால் உள்வளையம் நழுவிச் சுற்றியிருக்கிறது. அங்கே டாட் பஞ்சால் புள்ளி குத்தி இறுக்கம் வரவழைப்பது தீர்வே அல்ல. புள்ளியின் உச்சிகள் ஒரு வாரத்தில் நசுங்கும், உள்வளையமும் உருக்குலையும். ஹார்டு குரோம் ஏற்றி உருளை கிரைண்டிங் செய்வதுதான் முறை. அம்பத்தூரில் அதற்கு ஆள் உண்டு. வேலையைக் கொடுக்கும்போது பேரிங்கையும் சேர்த்தே கொடுங்கள், அதன் துளைக்கு ஏற்றபடி கிரைண்டிங் செய்யட்டும்.

புது பேரிங் வாங்குதல்

நம்பர் ஒன்றாக இருந்தால் பேரிங்கும் ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். புதுப்பேட்டையில் லாரி ஹப்புக்குக் கேட்டாலும் அதே நம்பர் கிடைக்கலாம். துளை 50 முதல் 80 மி.மீ. வரையுள்ள சாதா வகை டேப்பர் பேரிங்கில் உள்வளையத்தின் ஓட்டம் 0.025 மி.மீ. வரை போக அனுமதி உண்டு. துல்லியம் கூடிய பி5 வகையில் அது 0.01க்குள் அடங்கும். லாரிச் சக்கரத்துக்கு 0.025 ஒரு பொருட்டில்லை, லேத் மூக்கில் அதுவே முழுக் குறை. முன் பேரிங்குக்கு பி5 கேளுங்கள். பின் பேரிங்கின் குறை மூக்கில் குறைவாகவே தெரியும், பணம் இடித்தால் அங்கே சாதா போதும்.

பாரிமுனை, பிராட்வே பக்கம் வாங்கினாலும் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் பில்லோடு வாங்குங்கள். பெட்டி பிரித்து ஒட்டியது, நம்பர் எழுத்து மழுங்கியது, துருத் தடுப்பு எண்ணெய்க்குப் பதில் கிரீஸ் பூசியது, பக்கவாட்டில் பஃபிங் கோடு தெரிவது எல்லாம் பழசைப் புதுசாக்கியதன் அடையாளம். மாட்டும் நாள்வரை உறையைப் பிரிக்காதீர்கள்.

மாட்டுதல்

முன் கோனைச் சூடாக்கித்தான் ஏற்றவேண்டும். எண்ணெய்ப் பாத்திரத்தில், அடியில் படாமல் கம்பிவலை மேல் வைத்து 100 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். 120ஐத் தாண்டவே கூடாது. ஷெட்டின் 30 டிகிரியிலிருந்து 70 டிகிரி ஏறினால் 80 மி.மீ. துளை ஏறக்குறைய 0.064 மி.மீ. விரியும். இறுக்கம் அதில் ஒரு பங்குதான் என்பதால் கோன் தானாக வழுக்கி இறங்கும். தோளில் முட்டியதும் கையை எடுத்துவிடாதீர்கள். ஆறும்போது கோன் அகலவாக்கிலும் சுருங்கித் தோளைவிட்டு விலகும். பைப்பால் அமுக்கிப் பிடித்தபடி ஆறவிட்டு, 0.03 ஃபீலர் (இடைவெளி அளக்கும் தகடு) தோளுக்கும் கோனுக்கும் நடுவே எங்குமே நுழையவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

கப்பை ஃப்ரீசரில் வைத்துச் சுருக்கி இறக்கலாம். ஆனால் நம் ஊர்க் காற்றில் ஃப்ரீசரைவிட்டு எடுத்த அரை நிமிடத்தில் கப் முழுக்கப் பனித்துளி பூத்துவிடும். துடைக்கத் துடைக்க வரும், அதோடு உள்ளே போனால் வார்ப்புக்கும் கப்புக்கும் நடுவே துரு உட்காரும். ஆகவே கப்பை முதலிலேயே எண்ணெய் பூசிக் காற்றுப் புகாத பாலிதீனில் கட்டி வைத்து, ஹெட் அருகில் வந்த பிறகே பிரித்து, ஒரே மூச்சில் இறக்குங்கள். தட்ட வேண்டியிருந்தால் பழைய கப்பின் வெளிவிட்டத்தைக் கொஞ்சம் கிரைண்டரில் தேய்த்துக் குறைத்து, நடுவே வைத்துத் தட்டும் டிரிஃப்டாக அதையே வையுங்கள்.

பின் கோன் ஸ்பிண்டிலில் கையால் தள்ளினால் நகரும் பொருத்தமாக இருக்கவேண்டும். நட் இறுகும்போது நகர்ந்து கொடுப்பது அதுதான். அங்கே இறுக்கமாக இருந்தால் நட் இறுகியதாகத் தோன்றும், பேரிங் தளர்ந்தே இருக்கும்.

இறுக்கம் வைத்தல்

கியர்கள் நியூட்ரலில், பெல்ட் இல்லாமல், ஸ்பிண்டில் மூக்கின் முகத்தில் டயல் வையுங்கள். ஸ்பிண்டிலைச் சுற்றிக்கொண்டே நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சுற்றாமல் இறுக்கினால் ரோலர்கள் தங்கள் இடத்தில் உட்காராது, பொய்யான இறுக்கம் காட்டும். முன்னும் பின்னும் தள்ளி நீள அசைவு சரியாகச் சுழியம் ஆகும் இடத்தைப் பிடித்து, நட்டின் விளிம்பிலும் ஸ்பிண்டிலிலும் பென்சில் கோடு போடுங்கள்.

இனி மேலே போகவேண்டியது 0.01 முதல் 0.02 மி.மீ. மட்டுமே. நட்டின் மரை 1.5 மி.மீ. பிட்ச், வெளிவிட்டம் 100 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 314 மி.மீ. நூற்றில் ஒரு சுற்று, அதாவது விளிம்பில் 3 மி.மீ. நகர்வு, 0.015 மி.மீ. இறுக்கம் தரும். பென்சில் கோட்டிலிருந்து ஒரு நூல் அளவுகூட ஆகாத அந்த 3 மி.மீ.யைத் தாண்டி "இன்னும் கொஞ்சம்" என்று இழுத்தவர்கள்தான் பேரிங்கை எரிக்கிறார்கள். பூட்டு ஸ்குரூவை முறுக்கும்போதும் நட் நகரும், பூட்டிய பிறகு மறுபடி பாருங்கள்.

ஆயில் லேத்தின் கையேட்டில் சொன்னபடி. கையேடு இல்லையென்றால் கியர் ஹெட்டுக்குப் பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. 68 பொருந்தும், சர்வோ சிஸ்டம் 68 போன்றவை எளிதில் கிடைக்கும். கியர் ஆயில் 90 வேண்டாம், கெட்டி அதிகம், சூடேறும். அளவு கண்ணாடியின் நடுக்கோடுவரை போதும். நிரம்ப ஊற்றினாலும் கியர்கள் கடைந்து சூடாக்கும்.

குறைந்த வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டி, ஒவ்வொரு வேகப் படியிலும் அரை மணி கூட்டுங்கள். முன் பேரிங்குக்கு மேல் வார்ப்பில் தொடு தெர்மாமீட்டர் வைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். அறை வெப்பத்தைவிட 15 முதல் 25 டிகிரி கூடுதலாக ஏறி நின்றுவிட்டால் இறுக்கம் சரி. மே மாதம் ஷெட்டில் 38 டிகிரி இருக்கும்போது ஹெட் 58 காட்டினால் கவலை இல்லை, மார்கழியில் அதே 58 வந்தால் அதிகம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் உடனே நிறுத்தி, ஆறியபின் நட்டை 1 மி.மீ. பின்னால் விடுங்கள். ஏறவே இல்லை, வெதுவெதுப்புக்கூட இல்லை என்றால் தளர்வு, தூக்கிப் பார்க்கும் சோதனையைச் சூட்டோடு திரும்பச் செய்யுங்கள்.

பிறகு சக் மாட்டி, 50 மி.மீ. கம்பியை 200 மி.மீ. வெளியே நீட்டிப் பிடித்து, டெயில்ஸ்டாக் இல்லாமல், 150 மி.மீ. இடைவெளியில் இரண்டு பட்டைகளை 0.1 மி.மீ. கட்டில் ஒரே ஓட்டமாகக் கடையுங்கள். விட்ட வித்தியாசம் 0.01க்குள் வந்தால் நேர். வரவில்லையென்றால் முதலில் பெட்டின் லெவலைச் சரிபாருங்கள். ஹெட் போல்ட்டில் கைவைப்பது அதற்கெல்லாம் பிறகு.

கன்மெட்டல் புஷ் இருந்தால்

பெல்ட் லேத்துகளில் பிளந்த புஷ்ஷும், இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடான ஷிம்மும் இருக்கும். மைஃபோர்டு எம்.எல்.7 போன்றவற்றில் ஒயிட் மெட்டல். இங்கே கொஞ்சம் ஆட்டம் இருந்தே ஆகவேண்டும், எண்ணெய்ப் படலத்துக்கு இடம் வேண்டுமே. 50 மி.மீ. ஜர்னலில் (புஷ்ஷுக்குள் சுற்றும் ஸ்பிண்டில் பகுதி) தூக்கும் சோதனை 0.02 முதல் 0.04 காட்டினால் தொடாதீர்கள். அதற்கு மேல் இருந்தால், எடுத்தபின் 0.02 ஆட்டமாவது மீதி இருக்கும்படி, இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஷிம் எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் மேல் மூடி கோணலாகி ஓரத்தில் மட்டும் பிடிக்கும்.

ஸ்கிரேப் செய்யவேண்டுமென்றால் ஜர்னலில் புளூவை (தொடும் இடத்தைக் காட்டும் நீல மை) மிக மெல்லியதாகப் பூசி, ஸ்பிண்டிலை வைத்துக் கால் சுற்றுத் திருப்பி, நீலம் ஒட்டிய புள்ளிகளை மட்டும் சுரண்டுங்கள். கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்க்காதீர்கள். அதன் மணல் மெத்தென்ற கன்மெட்டலில் பதிந்து, பிறகு ஆயுள் முழுக்க ஸ்பிண்டிலை அரைத்துக்கொண்டிருக்கும். எண்ணெய் ஏற்றும் ஃபெல்ட் உண்மையான கம்பளியாக இருக்கட்டும், செயற்கை ஃபெல்ட் எண்ணெயை அந்த அளவுக்கு உறிஞ்சி ஏற்றாது. எண்ணெய்த் துளையில் கிரீஸ் அடித்திருந்தால் முழுக்கச் சுரண்டி எடுங்கள். ஃபெல்ட் அடைபட்டுப் புஷ் காய்ந்து போவது பெரும்பாலும் அதனால்தான்.

எந்த ரகமாக இருந்தாலும் முதல் 25 மணி நேரம் ஓடியதும் ஆயிலை வடித்து, அதே வெள்ளைத் தட்டு, அதே காந்தம். புதிதாக உட்காரும் பரப்புகளின் மாவு கொஞ்சம் வரும். செதில் இல்லையென்றால் புது ஆயில் ஊற்றி, நட்டின் பென்சில் கோடு நகரவில்லை என்று பார்த்து, பின் கவரை மூடுங்கள்.